தீட்டுவது உளியின் முதுகில் தொடங்குகிறது

கடையில் வாங்கும் புது உளி சாணை பிடித்து வரும்; தீட்டி வராது. சாணைச் சக்கரம் கொடுப்பது வடிவத்தை மட்டும்தான். சக்கரத்தின் கீறல்கள் வாய்வரை, அதாவது வெட்டும் விளிம்புவரை, ஓடி நிற்பதால், பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த வாய் ரம்பப் பல் போலத் தெரியும். மரத்தில் வைத்து அழுத்தினால் நாரை அறுக்காமல் நசுக்கும். உளி மட்டமானது என்று முடிவு கட்டி விலை கூடிய இன்னொன்றை வாங்குவதற்கு முன், கையில் இருப்பதற்கு ஒருமுறை ஒழுங்காக வாய் எடுத்துப் பாருங்கள்.

இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடுதான் வாய். ஒன்று சரிவு, மற்றொன்று சரிவே இல்லாத தட்டைப் பக்கம். அதை முதுகு என்று வைத்துக்கொள்வோம். பலரும் சரிவை மட்டும் மணிக்கணக்கில் தேய்த்துவிட்டு முதுகைத் தொடாமல் விடுகிறார்கள். முதுகில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் வாயில் ஒரு பள்ளமாக வந்து முடியும். சரிவை எவ்வளவு மினுக்கினாலும் அது போகாது.

எதில் தேய்ப்பது?

செலவு குறைந்த வழி கண்ணாடியும் வாட்டர் பேப்பரும். கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. தடிமனுள்ள மீதித் துண்டு கிடைக்கும், 300 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம் போதும். ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். பெயின்ட் கடையில் 220, 400, 800, 2000 என நான்கு வகைத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). கண்ணாடியில் தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டினால் அசையாது. அசைந்தால் ஸ்ப்ரே பசை ஒரு பூச்சு. தாளில் உளியை எப்போதும் இழுக்க மட்டுமே வேண்டும். முன்னே தள்ளினால் வாய் தாளைக் கிழிக்கும். கிழியாவிட்டாலும் வாய்க்கு முன்னால் தாள் லேசாகப் புடைத்து எழும்பி, எடுத்த கூர்மையை உருட்டிவிடும். "தேய்க்கத் தேய்க்க மழுங்குகிறது" என்று வரும் புகாரில் பாதி இதனால்தான்.

தாள் சீக்கிரம் தேயும், கணக்குப் பார்த்தால் ஓராண்டில் கல்லின் விலையைத் தாண்டிவிடும். அடிக்கடி வேலை செய்பவருக்குக் கல்தான் சரி. ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேட்டால் 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமனில், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாகத் தருவார்கள். தையல் மெஷின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து அதில் விடலாம். ஒருமுறை எண்ணெய் விட்ட கல்லுக்கு இனி எண்ணெய்தான். தண்ணீருக்கு மாற முடியாது. சமையல் எண்ணெய் வேண்டாம், காய்ந்து பிசுக்காகிக் கல்லின் கண்ணை அடைத்துவிடும். இந்தக் கல்லின் நைசுப் பக்கம்கூட மரவேலைக்குக் கொஞ்சம் சொரசொரப்புத்தான். அதனால் இதற்கு மேல் 2000 தாளோ தோல் பட்டையோ கட்டாயம் வேண்டும். பணம் போடத் தயார் என்றால் 1000, 6000 என இரு நைசுள்ள ஜப்பானிய வகைத் தண்ணீர்க் கல் ஒன்று போதும். அது இரும்பை வேகமாகத் தின்னும், தானும் வேகமாகக் குழியும்.

குழிந்த கல்லில் தட்டையான முதுகு வராது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடியில் ஒட்டிய 120 தாளில் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது. தண்ணீர்க் கல்லுக்கு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இதைச் செய்ய வேண்டும், எண்ணெய்க் கல்லுக்கு எப்போதாவது.

முதுகு

புது உளியில் துரு பிடிக்காமலிருக்க வார்னிஷ் பூசியிருப்பார்கள். தின்னரால் துடைத்து எடுங்கள். முதுகில் வாயிலிருந்து 25 மி.மீ. தூரத்துக்கு மார்க்கரால் கறுப்படித்து, 220 தாளில் பத்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். நடுவில் மை மீந்து ஓரங்களில் போயிருந்தால் நல்லது, முதுகு உட்குழிவாக இருக்கிறது, சீக்கிரம் வேலை முடியும். நடுவில் போய் வாய்ப்பக்கம் மீந்திருந்தால் முதுகுக்குத் தொந்தி இருக்கிறது என்று பொருள். கொஞ்சமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். அதிகமென்றால் கடையில் கொடுத்து வேறு உளி வாங்குவது புத்திசாலித்தனம்.

உளியைத் தாளுக்குக் குறுக்காக வைத்து, இரண்டு விரலால் வாய்க்கு நேர் மேலே அழுத்துங்கள். மறுகை கைப்பிடியைத் தாங்க மட்டுமே. கைப்பிடி மயிரிழை உயர்ந்தாலும் வாயோரம் உருண்டுவிடும். அதைச் சரிசெய்ய முழு முதுகையும் மறுபடி தேய்க்க வேண்டும். 220இல் கீறல் எல்லாம் ஒரே திசையில், வாய்வரை தொட்டு வந்த பிறகுதான் 400க்குப் போக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய கீறல் போயிற்றா என்பது தானாகவே தெரியும். 2000 முடிந்ததும் வாயோர 10 மி.மீ. அகலத்தில் முகம் தெரிய வேண்டும். ஒரு உளிக்கு இந்த வேலை வாழ்நாளில் ஒருமுறைதான். பிறகு முதுகு நைசுத் தாளைத் தவிர வேறெதையும் தொடவே கூடாது.

சரிவும் அதன் மேல் சிறு சரிவும்

பொது வேலை உளிக்கு அடிச்சரிவு 25 டிகிரி, வாயோரத்தில் மட்டும் 30 டிகிரி. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடித்துத் துளை பொளிக்கும் உளிக்கு 35 வரை போகலாம். கையால் மட்டும் தள்ளிச் சீவும் உளிக்கு 25 போதும். தேக்கில் சிலிக்கா உண்டு, வாயைச் சீக்கிரம் தின்றுவிடும். ப்ளைவுட்டின் பசையும் அப்படித்தான். இவற்றில் அதிகம் புழங்கும் உளிக்கு 25 டிகிரியில் நின்றால் வாய் பொடிப்பொடியாக உதிரும்.

கோணமானி இல்லாவிட்டால் சரிவின் நீளத்தை அளந்தாலே போதும். உளித் தகட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு நீளமிருந்தால் 30 டிகிரி, 2.4 மடங்கு என்றால் 25. தடிமன் 3 மி.மீ. என்றால் 6 மி.மீ.க்கு 30 டிகிரி, 7 மி.மீ.க்கு 25.

கையால் கோணம் பிடிக்கப் பழகுவது நல்லதுதான். ஆனால் பழகும்வரை, பக்கவாட்டில் இறுக்கும் சிறு உருளை வைத்த ஹோனிங் கைடு (உளியைக் கோணம் மாறாமல் பிடிக்கும் கருவி) ஒன்று வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வகைக் கைடில் உளியை அதன் முகப்பிலிருந்து 40 மி.மீ. நீட்டினால் 25 டிகிரி, 30 மி.மீ. நீட்டினால் 30. இழைப்புளி பிளேடு மேல் தாடையில் உட்காருவதால் அதற்கு முறையே 50, 38. ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைக்காமலிருக்க ஒரு பலகைத் துண்டின் ஓரத்திலிருந்து இந்த நான்கு தூரத்திலும் சிறு மரக்கட்டைகளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கைடைப் பலகையோரத்தில் முட்டவைத்து, உளியின் வாய் கட்டையில் இடிக்கும்வரை தள்ளி இறுக்கினால் கோணம் சரி. வீட்டில் செய்ய வேண்டிய முதல் கருவி இதுதான், பத்து நிமிட வேலை.

முதலில் 25இல் 220, 400 தாள்களில் அடிச்சரிவை ஒழுங்குபடுத்துங்கள். பிறகு 30க்கு மாற்றி 800இல் சில இழுப்பு. வாயோரத்தில் 1 மி.மீ. அகலத்தில் ஒரு மினுமினுப்புக் கோடு விழும். இனி எப்போது தீட்டினாலும் இந்தக் கோட்டை மட்டும் தீட்டினால் போதும் என்பதுதான் இரண்டு கோணத்தின் லாபம். நாளாக ஆக அந்தக் கோடு அகலமாகும். சரிவில் பாதியைத் தாண்டினால் மறுபடி 25இல் தேய்க்க வேண்டும்.

போதும் என்று எப்படித் தெரியும்? பிசிறு சொல்லும். சரிவை வாய்வரை தேய்த்ததும், மெல்லிய இரும்புப் பிசிறு முதுகுப் பக்கம் மடங்கி நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே இழுத்தால் (வாய் நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள்) ஒரு கொக்கி போலத் தட்டுப்படும். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அறாமல் தட்டுப்பட வேண்டும். நடுவில் தட்டுப்படாத இடத்தில் தேய்ப்பு இன்னும் வாயைத் தொடவில்லை. அந்த நிலையில் நைசுத் தாளுக்குப் போனால் மழுங்கலைத்தான் மினுக்குவீர்கள். பிசிறு முழுதாக வந்த பின் 2000இல் பத்து இழுப்பு. அடுத்து உளியைத் திருப்பி முதுகைத் தட்டையாக வைத்து நான்கைந்து இழுப்பு. பிசிறு சரிவுப் பக்கம் மடங்கும். மாற்றி மாற்றி அழுத்தம் குறைத்து இழுத்தால் உதிர்ந்துவிடும்.

கடைசியாகத் தோல் பட்டை. பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்புப் பக்கம் மேலே வரும்படி ஒரு மரக்கட்டையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேயுங்கள். சரிவுக்கு இருபது இழுப்பு, முதுகுக்குப் பத்து. தோல் அமுங்கும் என்பதால் கோணத்தைத் தூக்கிப் பிடித்தால் இங்கேயும் வாய் உருளும். ரெக்சின் பெல்ட் இதற்கு ஆகாது.

கை ரோமத்தை மழித்துப் பார்ப்பது பலருக்குப் பிடித்த சோதனை. பிசிறோடு இருக்கும் உளியும் ரோமத்தை மழிக்கும், அதனால் அதை நம்ப வேண்டாம். பைன் பேக்கிங் பெட்டிப் பலகையின் வெட்டுமுனையில், அதாவது நாரின் குறுக்குவெட்டில், மெல்லியதாக ஒரு சீவல் எடுங்கள். பரப்பு வழவழவென்று கறுத்துத் தெரிந்தால் சரி. வெளுத்துப் பொடிந்து வந்தால் இன்னும் தீட்ட வேண்டும். சீவிய இடத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் வாயில் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது.

சாணைச் சக்கரம் எப்போது?

ஆணியில் பட்டு வாய் பெயர்ந்தால் மட்டும். வீட்டு பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் சுற்றும். மெல்லிய வாயோரம் சில நொடிகளில் சூடேறிவிடும். இளமஞ்சள் தெரிந்தால் சுமார் 220 டிகிரி செல்சியஸ், பழுப்பு 260, நீலம் 300ஐ நெருங்கிவிட்டது. நீலம் ஏறிய இடத்தில் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது, அந்த நீலம் முழுவதையும் தேய்த்துத் தள்ளத்தான் வேண்டும். மூலைகள்தான் முதலில் நீலமாகும்; அங்கே சூடு ஓடிப் பரவ இரும்பு குறைவு.

இதைத் தவிர்க்க ஒரு எளிய ஒழுங்கு உண்டு. முதலில் உளியைச் சக்கரத்துக்கு நேராக நீட்டி, பெயர்ந்த பகுதி மறையும்வரை வாயையே சதுரமாக மழுக்குங்கள். பிறகு சரிவைச் சாணை பிடியுங்கள். மழுங்கிய வாய் தடிமனாக இருப்பதால் சூட்டைத் தாங்கும். வெளிச்சத்தில் வாய் ஒரு வெள்ளை நூலாகத் தெரியும் நிலையில் சக்கரத்தை நிறுத்திவிட்டு, மீதியைக் கல்லில் எடுங்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். கையுறை போட வேண்டாம், சூடு விரலுக்குத் தெரிய வேண்டும். சக்கரத்தில் கையுறை சிக்கினால் கையையும் இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடவே கூடாது.

இழைப்புளி பிளேடு

4ஆம் எண் இரும்பு இழைப்புளியில் பிளேடு 45 டிகிரியில், சரிவு கீழே பார்க்கப் படுத்திருக்கும். உளியைப் போலவே 25, 30. ஆனால் இங்கே 35ஐத் தாண்டக் கூடாது. சரிவுக்கும் மரத்துக்கும் இடையில் இடைவெளி குறைந்து, வாய் கொஞ்சம் தேய்ந்ததுமே பிளேடு வெட்டாமல் வழுக்கும்.

முதுகுக்கு ஒரு சுருக்குவழி இருக்கிறது. அரை மி.மீ. தடிமனுள்ள இரும்பு ஸ்கேலை நைசுக் கல்லின் நீள ஓரமாக வைத்து, பிளேடின் உடலை அதன் மேல் சாய்த்துத் தேய்த்தால் வாயோரம் மட்டும் மினுங்கும். முழு முதுகையும் தட்டையாக்கும் வேலை மிச்சம். உளிக்கு இதைச் செய்யாதீர்கள். உளியின் முதுகு மரத்தில் படிந்து வழிகாட்ட வேண்டும், பிளேடுக்கு அந்த வேலை கிடையாது.

30 டிகிரியில் தீட்டும்போது கடைசி ஏழெட்டு இழுப்பில் ஒரு மூலையில் அழுத்தம், அடுத்த ஏழெட்டில் மறு மூலையில். மூலைகள் மயிரிழை பின்வாங்கும். அகலப் பலகையில் படிக்கட்டுக் கோடு விழாது. மேல்தகட்டை (பிளேடின் மேல் பொருந்திச் சீவலை மடக்கும் தகடு) வாயிலிருந்து 1 மி.மீ. தள்ளிப் பொருத்துங்கள். வாகை, வேங்கை போன்று நார் மாறி மாறி ஓடும் மரத்தில் நார் பிய்ந்து பெயர்ச்சல் வந்தால் அதை 0.3 மி.மீ. வரை நெருக்குங்கள். சீவல் அடிக்கடி அடைத்துக்கொண்டால் பிளேடையும் மேல்தகட்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் அங்கேதான் சீவல் நுழைகிறது. மேல்தகட்டின் விளிம்பைக் கல்லில் தேய்த்துப் படியவையுங்கள்.

உடைந்த பிளேடிலிருந்து கோடு கீறும் கத்தி

பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. கழுந்தும் (துளைக்குள் செருகும் மரமுனை) துளையும் இறுக்கமாகப் பொருந்த வேண்டுமானால் கத்திதான். லேத் பட்டறைகளில் உடைந்த பவர் ஹேக்ஸா பிளேடு சும்மாவே கிடைக்கும். ஹை ஸ்பீட் ஸ்டீல் என்பதால் சாணையில் சூடானாலும் பதம் போகாது, காய்ச்சித் துவைச்சல் போடும் (சூட்டோடு எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்கும்) வேலையே இல்லை. ஆனால் பல் மட்டும் கடினமாக, உடல் சாதா எஃகாக இருக்கும் வகையும் உண்டு. பல்லில்லாத ஓரத்தில் ஒரு அரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் எடுங்கள், கடித்தால் விட்டுவிடுங்கள்.

14 அங்குல பிளேடின் இரு நுனியிலும் துளை இருக்கும். நடுவில் வெட்டினால் ஆளுக்கொரு துளையோடு இரண்டு கத்தி. ஆங்கிள் கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் தகடு போட்டு வெட்டி, பற்களைச் சாணையில் தேய்த்து எடுங்கள். முனையை ஈட்டி வடிவில், இரு பக்கமும் சேர்ந்து 60 டிகிரி வருமாறு கூம்பாக்குங்கள். சரிவு ஒரு முகத்தில் மட்டுமே. மறுமுகம் மூலமட்டத்தில் (செங்கோணம் பார்க்கும் கருவி) ஒட்டி ஓட வேண்டும் என்பதால் அது முழுத் தட்டை. 2 மி.மீ. தடிமனுக்குச் சரிவு நீளம் 4 முதல் 4.7 மி.மீ. ஈட்டி முனை என்பதால் இடது, வலது இரண்டு பக்கமும் கீறலாம். சிவக்கச் சூடான நிலையில் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். கொஞ்சம் ஆறவிட்டுத் தொடருங்கள்.

இந்த எஃகில் சாதா பிட் துளை போடாது. கைப்பிடிக்கு ஏற்கெனவே உள்ள துளையையே பயன்படுத்துங்கள். 100 மி.மீ. நீளம், 6 மி.மீ. தடிமனில் பூவரசு மரத்திலோ ஈட்டி மரத்திலோ இரண்டு பட்டை. பிளேடை 80 தாளால் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட் தடவி, துளை வழியே பித்தளைத் தண்டு ஒன்றைச் செருகி, ஓர் இரவு கிளாம்பில் விடுங்கள். கிளாம்பை ரொம்ப இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி வெளியே வந்து, பட்டை ஒரு மாதத்தில் பெயரும்.

பழைய அரத்திலிருந்து உளி

இங்கே நெருப்பு வேலை உண்டு. 10 அங்குலத் தட்டை அரம் ஒன்று எடுங்கள். கைப்பிடிக்குள் செருகும் காம்பு தயாராகவே இருக்கும். மலிவு அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம். துணி சுற்றி வைஸில் பிடித்து நுனியைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். சட்டென்று முறிந்து, முறிவில் நைசான சாம்பல் மணி தெரிந்தால் நல்ல அரம். வளைந்தால் வேண்டாம்.

முதலில் இளக்க வேண்டும். செங்கற்களை அடுக்கிய சிறு கூண்டுக்குள் கேஸ் டார்ச்சால் செக்கச்சிவக்கக் காய்ச்சி, உமிச்சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுதும் விடுங்கள். உமிச்சாம்பல் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். மறுநாள் வேறொரு அரம் இதைக் கடிக்கும். பற்களை முழுதுமாகத் தேய்த்து எடுங்கள். ஒரு பள்ளம் மிஞ்சினாலும் துவைச்சலின்போது வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். 25 டிகிரியில் சரிவு எடுத்து, வாயை 1.5 மி.மீ. தடிமனில் மழுக்கமாகவே விடுங்கள். இப்போதே கூராக்கினால் நெருப்பில் கரிந்துபோகும்.

துவைச்சலுக்கு மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய், கை பொறுக்கும் சூட்டில். மாலை மங்கலில் செய்யுங்கள், வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. வாயிலிருந்து 40 மி.மீ. மட்டும் சீராகச் சிவக்கட்டும். அவ்வப்போது காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் ஒரு சாயல் சிவந்ததும் செங்குத்தாக எண்ணெயில் இறக்கி, மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முன்னதாக ஆறி உளி கோணிக்கொள்ளும். எண்ணெய் தீப்பற்றினால் மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆறியதும் வாயோரத்தில் அரம் வழுக்க வேண்டும். கடித்தால் மறுபடி காய்ச்சி வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கலாம், ஆனால் தண்ணீரில் வெடிக்கும் அபாயம் கூடுதல்.

இந்த நிலையில் உளி கீழே விழுந்தாலே உடையும். உடனே மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும்; அப்போதுதான் உடையும் தன்மை குறையும். ஒரு முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, ஓ.டி.ஜி. அடுப்பில் (கேக் சுடும் மின்சார அடுப்பு) 210 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். அடுப்பின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு அடுப்பு வெப்பமானி வையுங்கள். பளபளப்பான முகத்தில் வைக்கோல் நிறம் ஏறினால் சரி. வேலையின்போது வாய் உதிர்ந்தால் 225இல் இன்னொரு முறை. வாய் மடங்கினால் பதம் அதிகமாக இறங்கிவிட்டது, மறுபடி துவைச்சலிலிருந்து தொடங்க வேண்டும்.

கைப்பிடிக்குப் புளி அல்லது கருவேலம், 130 மி.மீ. நீளம், 30 மி.மீ. தடிமன். காம்பு அடியில் தடித்து நுனியில் மெலிவதால் இரண்டு அளவு பிட்டால் படிப்படியாகத் துளை போடுங்கள். காம்பைச் சிவக்கக் காய்ச்சித் துளைக்குள் எரித்து இறக்கும் பழைய முறை இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் அதைத் துவைச்சலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பின்னால் செய்தால் சூடு வாய்வரை ஓடிப் பதத்தைக் கெடுக்கும். ஏ.சி. மெக்கானிக் கடையில் கிடைக்கும் 19 மி.மீ. செப்புக் குழாயில் 15 மி.மீ. வெட்டி, மரத்தைச் சற்றே பெரிதாகச் செதுக்கி அடித்து இறக்கினால், கைப்பிடி பிளக்காமல் காக்கும் பூண் தயார். பூண் இல்லாத கைப்பிடி கொட்டாப்புளியின் முதல் வாரத்தையே தாங்காது.

இனி முதுகு, சரிவு, பிசிறு, தோல் பட்டை, மேலே சொன்ன அதே வரிசை. தண்ணீரில் தீட்டிய கருவியை ஈரத்தோடு வைத்தால் கடலோர ஊர்களில் ஓர் இரவிலேயே வாயில் துரு புள்ளி வைக்கும். துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் தகடு முழுதும் தடவி, வாய் எதிலும் இடிக்காதபடி தனித்தனி அறையில் செருகி வையுங்கள்.